மணல்திட்டில் மூன்று மீட்டர்

படகுத்துறையில் அவளை எல்லோரும் பொறுமை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் எது இல்லையோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள். வரிசையைத் தாண்டி வந்து சீட்டுக் கேட்கிறவனையும், படகு நகர்ந்த பிறகு தாவி ஏறுகிறவனையும், உயிர்காப்புச் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவனையும் அவள் ஒரே குரலில்தான் விசாரிப்பாள். அந்தக் குரல் அக்கரையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

அவள் படகோட்டி ஆனதே ஒரு சண்டையில்தான். முதலில் அந்தப் பயணிகள் படகில் சீட்டுக் கிழிக்கிற வேலை பார்த்தாள். அப்போது ஓட்டியவர் படகைத் துறையில் இடித்துத்தான் நிறுத்துவார். நிற்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். இவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்வாள். ஒரு நாள் அவர் சாவியைக் கழற்றி இவள் கையில் வைத்து, "அவ்வளவு தெரிஞ்சா நீயே ஓட்டும்மா" என்றார். அவர் குத்தலாகச் சொன்னதை இவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். பரீட்சை எழுதினாள், தோற்றாள், தோற்கடித்தவரிடம் போய் வாதாடினாள், மறுபடியும் எழுதி லைசென்ஸ் வாங்கினாள். இன்றைக்கு அவள் படகு துறையைத் தொடும்போது கையிலிருக்கும் டீ சிந்துவதில்லை.

வீட்டுக்காரர் வேறு ரகம். அவருக்குத் துறையில் வைத்த பெயர் 'சரிங்க'. வாடகைப் படகுக் கம்பெனி ஒன்றில் ஓட்டுநர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஆற்றின் மேல்பக்கமாக, பாலத்தைத் தாண்டிக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. மேனேஜர் என்ன சொன்னாலும் சரிங்க, பயணி என்ன சொன்னாலும் சரிங்க. "கல்யாணத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாரு. கேட்டது நான்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். வாயில்லாப் பூச்சி என்று மற்றவர்கள் சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். அதைச் சொல்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைப்பு.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான புதிதில், படகை எந்தப் பக்கமாகத் திருப்பிக் கட்டுவது என்று ஆரம்பித்த பேச்சு, அடுப்பு பற்ற வைக்காமலேயே முடிந்த ஒரு நாளுக்குப் பிறகு வந்த சட்டம். செருப்போடு சேர்த்துப் படகையும் வாசலில் விட்டுவிட வேண்டும். உள்ளே வந்தால் தொழில் பேச்சு கிடையாது. இத்தனை வருஷமும் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தச் சட்டம். கடைசியில் காலை வாரிவிட்டதும் அதுதான்.

ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. கடல் ஏறி நிற்கும்போது அதன் மேல் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கும். கடல் இறங்கிவிட்டால் முழங்கால் அளவுதான். அதனால் தண்ணீர் ஏறியிருந்தால் படகுகள் குறுக்கே போகும், வற்றியிருந்தால் திட்டைச் சுற்றிப் போகும். இது ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. துறையில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும், தினம் வந்துபோகிற பள்ளிக்கூடத்து டீச்சருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்றே ஒன்றுக்குத்தான். கம்பெனி தன் படகுகளில் எல்லாம் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு டேப்லெட்டைப் பொருத்தியிருந்தது. அதில் ஒரு வழிகாட்டிச் செயலி. ஆற்றின் படத்தைப் போட்டு, எங்கெங்கே எவ்வளவு ஆழம் என்று எண் எழுதி, போகவேண்டிய பாதைக்கு நீலக்கோடு இழுத்துக் காட்டும். அந்தப் படகுகளில் ஆழத்தை அளக்கிற கருவி ஏதும் கிடையாது. வேறு படகுகள் என்றைக்கோ அளந்து அனுப்பிய எண்களைத்தான் அது காட்டும். மணல்திட்டின் மேல் அது எந்த நேரமும் மூன்று மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. நீலக்கோட்டை விட்டு விலகினால் டேப்லெட் கத்தும். கத்திய கையோடு மேனேஜர் போன் செய்து "ஏன் சுத்திப் போறீங்க" என்பார்.

முகத்துவாரம் பக்கம் ஓட்டுகிறவருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் கொஞ்ச நாள் பாருங்கள் என்று மேனேஜர் சொன்னார். திட்டைப் பற்றிக் கேட்டிருந்தாரே தவிர, இவர் அந்தப் பக்கம் ஓட்டியதே இல்லை; ஆனாலும் சரிங்க என்றார். வீட்டில் சொல்லவில்லை, சட்டம் இருக்கிறதே. முதல் சில நாள் கடல் ஏற்றத்தில் போனதால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மதியம், தண்ணீர் வற்றி நின்ற நேரம், நல்ல வேகத்தில், நீலக்கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் கொண்டுபோய்ப் படகை மணலில் ஏற்றினார். படகு நின்றது, உள்ளே இருந்தவர்கள் நிற்கவில்லை. தையல்காரர் ஒருவர் முன்வரிசையிலிருந்து பறந்து கம்பியில் போய் விழுந்தார். அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

அவர்களை இழுத்துக் கரை சேர்த்தது அக்காவின் படகுதான். கம்பெனிப் படகு ஒன்று மாட்டிக்கொண்டது என்று யாரோ போட்ட சத்தம் கேட்டு, வழக்கம்போலத் திட்டிக்கொண்டேதான் போனாள். "கண்ணை எங்க வச்சுட்டு ஓட்டுற" என்று பாதி தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். கிட்டே போனதும்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிற்பது யார் என்று தெரிந்தது. மீதிப் பாதி வாயிலேயே நின்றுவிட்டது.

துறைமுக அலுவலகம் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு விசாரணைக்கு நாள் குறித்தது. கம்பெனி அதற்கு முன்பே தன் விசாரணையை முடித்துவிட்டது. மேனேஜர் ஒரு காகிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தார். 'விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம்' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் போய்விடும், ஆனால் துறையில் கயிறு கட்டுகிற வேலை தருவார்களாம். டேப்லெட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீரைக் கெடுத்தவன் ஒருவன், தாகத்துக்குக் குடித்தவன் குற்றவாளி. இவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்குச் சமையலறையில் சட்டம் உடைந்தது.

"ஏங்க, தண்ணி வெளுத்துத் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"அடியில மணல் இருந்தாத்தான் அப்படி வெளுக்கும்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் திருப்பல?"

அவர் தட்டில் இருந்த சாதத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "மூணு மீட்டர்னு போட்டிருந்துச்சும்மா. என் கண்ணுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அந்தத் தையல்காரருக்கு வலது கை" என்றார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவர் மேல் இல்லை. இருபது வருஷமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைத் தன் கண்ணைத் தானே நம்பாதபடி ஒரு எண் செய்துவிட்டதே என்று எரிந்தது. செய்துவிட்டு, பழியையும் அவர் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்களே என்று எரிந்தது. அதே செயலியைத் தன் போனில் போட்டுத் தோண்டித் துருவிப் பார்த்ததில், யாரும் போகாத ஒரு மூலையில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், 'வழி செலுத்த இந்த அளவுகளை நம்ப வேண்டாம்' என்று ஒரு வரி கிடைத்தது. வழிகாட்டுவதற்கென்றே விற்கிற பொருள். சமையல் எண்ணெய் டின்னின் அடியில் 'சமைக்க அல்ல' என்று எழுதி விற்றால் கடைக்காரரைச் சும்மா விடுவோமா? இதற்கு மட்டும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

செயலிக்காரர்களுக்கு எழுதினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி நன்றி. நன்றி சொல்லியே ஆளைக் கொன்றுவிடுவார்கள் போலிருந்தது. விடாமல் குடைந்து, ஒரு வழியாகப் போனில் ஒரு பெண்ணைப் பிடித்தாள். நல்ல பெண். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், நீங்க சொல்ற இடத்துல நம்பகத்தன்மை ரொம்ப அதிகமா இருக்கு. நாங்களா எதுவும் போடல. அந்த வழியா போற படகுகளே அளந்து அனுப்பினது. நூத்துக்கணக்குல வந்திருக்கு, எல்லாமே மூணு மீட்டர் சுமார்தான்."

"எந்தப் படகும்மா அப்படிப் பொய் அனுப்புது? பேரைச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

"பேர் சொல்லக்கூடாது மேடம். பதிவு எண் வேணா சொல்றேன். ஒரே படகுலேர்ந்துதான் பாதிக்கு மேல வந்திருக்கு." சொன்னாள்.

அது அக்காவின் படகு எண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செயலிக்காரர்கள் துறைக்கு வந்து, இலவசம் என்று சொல்லி எல்லாப் பயணிகள் படகிலும் மீன்பிடிப் படகிலும் ஆழம் அளக்கும் கருவியை மாட்டிவிட்டுப் போனார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எவன் சொன்னானோ, அவன் இந்த மாட்டைப் பார்த்ததில்லை. கருவி அளந்தது, அனுப்பியது. பொய்யாக ஒன்றும் அனுப்பவில்லை. ஏற்றத்தில் மட்டும்தானே படகுகள் திட்டைக் கடக்கும்? வற்றத்தில் சுற்றிப் போய்விடுவார்களே. அதனால் திட்டின் மேல் அளந்த ஒவ்வொரு அளவும் ஏற்றத்தில் அளந்தது. கடல் ஏறி இறங்கும் என்பதைச் செயலி கணக்கில் எடுக்கவே இல்லை. புத்தியோடு ஓட்டிய அத்தனை பேரும் சேர்ந்து, புத்தியில்லாத ஒன்றுக்குப் பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதிலும் அதிகம் சொன்னவள் அவள்.

"அது என் படகு" என்றாள்.

"அப்படின்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே மேடம், அங்க ஆழம் இருக்குன்னு."

அக்கா போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். பிறகு, "தண்ணி வத்தினா முழங்கால்தான்மா இருக்கும். அதை எப்படி மாத்துறது?" என்றாள்.

"குறைஞ்ச அளவு நிறைய வந்தா தானா மாறிடும் மேடம். தண்ணி கம்மியா இருக்கும்போது அந்த வழியா போற படகுகள் அனுப்பணும்."

"தண்ணி இல்லாதப்போ அந்த வழியா எந்தப் படகும்மா போகும்?"

போனில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "உங்க கருத்துக்கு நன்றி மேடம்" என்றது தேன்.

அன்றைக்கு முழுக்கப் பொறுமை அக்கா யாரையும் திட்டவில்லை. வரிசை தாண்டி வந்தவன்கூடப் பயந்துபோய்த் தானாகவே பின்னால் போய் நின்றுகொண்டான்.

மறுநாள் துறைமுக அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து முழுக்கக் கேட்டார். "திட்டு எனக்கும் தெரியும்மா. நீங்க சொல்றதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார். "ஆனா உங்க வீட்டுக்காரர் எல்லாம் தன் தப்புதான்னு எழுதிக் கொடுக்கப் போறாராமே, கம்பெனில சொன்னாங்க. அவரே கையெழுத்துப் போட்டுட்டா நான் என்ன பண்ண முடியும்?"

அவர் சொன்னது நியாயம். ஊரெல்லாம் சண்டை போட்டு வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது: போய் நிற்க வேண்டிய வாசல் தன் வீட்டு வாசல்தான்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்த பிறகும் அந்த மனிதர் காலையில் எழுந்து குளித்து, கம்பெனியின் ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பையில் அந்தக் காகிதம் மடித்தபடி இருந்தது. அக்கா அதைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். விசாரணைக்கு முதல் நாள் காலை, தண்ணீர் நன்றாக வற்றுகிற நேரம் பார்த்து, "எழுந்திருங்க, போயிட்டு வரலாம்" என்றாள்.

"எங்கம்மா?"

"சரிங்கன்னு சொல்லுங்க. ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல."

மீன்காரர் ஒருவரின் சின்னத் துடுப்புப் படகை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். தன் படகிலிருந்து கழற்றிய கருவியையும் அவள் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் வெளுக்கத் தொடங்கிய இடத்தில் துடுப்பு மணலில் குத்தியது. அவள் தன் போனில் அந்தச் செயலியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"மூணு மீட்டர்."

"இறங்குங்க."

அவர் அவளைப் பார்த்தார். நீந்தத் தெரிந்தவர்தான், ஆனாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாக விட்டு, பாதாளத்தில் இறங்குகிறவர் போல இறங்கினார். பாதம் மணலில் பட்டது. தண்ணீர் முழங்காலைத் தொட்டு நின்றது.

போனைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். பிறகு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டின் மேல் நடக்க ஆரம்பித்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். தண்ணீர் சில இடத்தில் கெண்டைக்கால், சில இடத்தில் தொடை. எண் மட்டும் அசையவில்லை. திரும்பவும் முதல் முனைக்கு நடந்தார். அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தாள். பொறுமை என்று பேர் வைத்ததற்கு அன்றைக்கு ஒரு தடவை நியாயம் செய்தாள்.

அவர் படகுக்கு வந்து போனை நீட்டினார்.

"கண்ணை நம்பல. முழங்காலையாவது நம்பணும்ல" என்றார்.

கன்னம் நனைந்திருந்தது. அவர் அழுகிறாரா, தண்ணீர் தெறித்ததா என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டார். பிறகு ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினார். படகில் கிடந்த நீளமான கழியைக் கேட்டு வாங்கி, திட்டின் மேட்டில் இரண்டு கையாலும் அழுத்தி ஊன்றி, அதன் தலையில் சட்டையின் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கக் கட்டினார். காற்றில் அது விரிந்தது. முதுகில் கம்பெனியின் பெயர் பெரிதாகத் தெரிந்தது.

கருவியைத் தண்ணீரில் வைத்து அளந்தும் அனுப்பினார்கள். கரைக்குத் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது: 'வழக்கத்துக்கு மாறான அளவு. ஏற்கப்படவில்லை.' அக்கா அந்தக் கருவியைப் படகின் அடிப்பலகையில் எறிந்த சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர் எழுந்து பார்த்தார்.

விசாரணையில் மேனேஜர் இன்னொரு காகிதம் கொண்டுவந்து, பேனாவையும் திறந்து வைத்தார். வீட்டுக்காரர் அதைத் தள்ளிவைத்தார்.

"முடியாதுங்க" என்றார்.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் காதில் சரியாக விழவில்லையோ என்று பேனாவை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"தண்ணி வெளுத்ததைப் பாத்தேன். பாத்தும் திருப்பல. அது என் தப்பு, எழுதிக்கங்க" என்றார் அவர் அதிகாரியிடம். "அது மூணு மீட்டர்னு சொன்னது யார் தப்பு? கோட்டை விட்டு விலகினா போன் பண்ணித் திட்டினது யார் தப்பு? அதையும் பக்கத்துலயே எழுதுங்க. ரெண்டும் இருந்தா கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி இரண்டையும் எழுதினார். எச்சரிக்கையோடு லைசென்ஸ் திரும்பி வந்தது. வற்றத்தில் யாரையும் நீலக்கோட்டில் ஓட்டச் சொல்லக்கூடாது என்று கம்பெனிக்கு உத்தரவும் போனது. செயலிக்காரர்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, "அது எங்க அதிகாரத்துல வராதும்மா" என்றார். பின்னே யார் அதிகாரத்தில் வரும் என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. தையல்காரரின் கை முறிந்தது மட்டும் எல்லோருடைய அதிகாரத்துக்குள்ளும் நடந்தது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஆறுவதில்லை.

வீட்டுக்காரர் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது அக்காவின் படகில் இருவரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். படகை எந்தப் பக்கமாகக் கட்டுவது என்ற பழைய வழக்கு மறுபடி தூசி தட்டப்பட்டு நடந்துகொண்டிருக்கிறது. செயலியில் அந்த இடத்தில் இன்னமும் மூன்று மீட்டர்தான். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள்கூடத் தூரத்திலேயே ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று சுற்றிப் போய்விடுகிறார்கள்.

ஒரு நாள் மேனேஜர் துறைக்கு வந்தார். தண்ணீர் வற்றியிருந்த நேரம். கம்பெனியின் பெயர் நடுத்திட்டில் இப்படித் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது, அந்தச் சட்டை கம்பெனிச் சொத்து, உடனே திருப்பித் தர வேண்டும் என்றார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வீட்டுக்காரர் அவளை முந்திக்கொண்டார்.

"சரிங்க, எடுத்துக்கங்க" என்றார். "மூணு மீட்டர்னு போட்டிருக்கு. பாத்து நீந்திப் போங்க."

சட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.